மெஜாரிட்டி பாயும் எங்கள் மேட்டுக் குழாயும்

எங்கள் தீவு நகராட்சியைச் சேர்மன் நடத்தினார் என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள். நடத்தியது, கூட்ட அரங்கின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் மனைவியே யோசிப்பார். மெஜாரிட்டி பாய் என்றால் கப்பல் நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்குபவர்வரை தெரியும்.

பாதிப் பேருக்கு மேல் இல்லாவிட்டால் கூட்டம் ஒத்திவைப்பு. இது நகராட்சி விதி. சமோசா சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுவது உறுப்பினர்கள் விதி. நடுவில் பாய் தன் விதியைப் புகுத்தினார். புதுக் கம்பளம் அழுக்காகுமாம், செருப்பை வெளியே கழற்ற வேண்டுமாம். கழற்றியதெல்லாம் அவருடைய அலமாரிக்குள் போய்விடும். தீர்மானம் நிறைவேறினால்தான் சாவி வெளியே வரும்.

“பாய், என் ஷூவைக் குடுங்க, அர்ஜென்ட்” என்று சேர்மனே கெஞ்சியிருக்கிறார்.

“பைட்டியே சாப், உக்காருங்க. கையத் தூக்குங்க, காலுக்குத் தர்றேன்.”

ஒருவர் சாமர்த்தியமாக அறுந்த செருப்போடு வந்தார். பாய் அவருடைய குடையை எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் ஊர் மழையில் குடையில்லாமல் எங்கே போவது?

நகராட்சிக் கட்டடத்தின் சரித்திரமும் அவர் வாயில்தான் இருந்தது. “வெள்ளக்காரன் கட்டுனான், ஜப்பான்காரன் படுத்து எந்திரிச்சான், நம்மாளு பெயின்ட் அடிச்சான்” என்பார். அதற்குமேல் எழுதப் புகுந்தால் வரலாறு அல்ல, கட்டுக்கதை.

எங்கள் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஏறாது. பெண்கள் சரிவில் குடம் சுமந்தே இடுப்பொடிந்தார்கள். குழாய் போடும் தீர்மானமோ, வராதவர்களைப் பாயாலும் பிடிக்க முடியாததால், ஆள் பற்றாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கோடைக் கூட்டத்திலும் நிறைவேறாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். பார்வையாளர் பெஞ்சில் நான் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்று சரியாகத் தேவையான தலைகள் இருந்தன.

அப்போதுதான் சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கவுன்ட்டர் திறந்துவிட்டதாகச் சேதி வந்தது. எங்கள் தீவில் அந்தச் சேதி கேட்டால் மாப்பிள்ளையே மணவறையிலிருந்து எழுந்து ஓடுவான். அம்மாவை ஆபரேஷனுக்கு மெயின்லேண்ட் கூட்டிப்போகக் காத்திருந்த ஓர் உறுப்பினர் வெறுங்காலோடு பறந்தார். ஒரு தலை குறைந்தது. சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி அவகாசம் தந்தார்.

“தம்பி, ஸ்கூட்டர எடு!” என்றார் பாய் என்னிடம்.

கவுன்ட்டரில் வரிசை தெருவைத் தாண்டியிருந்தது. கடைசியில் உறுப்பினர் சுடுசிமென்டில் குதித்துக்கொண்டிருந்தார். பாய் அவரை முன்னால் இழுத்துப் போனார். அங்கே ஒரு துணிப்பை இடம் பிடித்திருந்தது. பாயின் பை. விடியற்காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சென்னையில் அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

“ரெண்டு பேரும் நில்லுங்க பாய்” என்றேன். பின்னாலிருந்து கூச்சல் எழுந்தது: “ஏக் தைலா, ஏக் ஆத்மி!” ஒரு பைக்கு ஓர் ஆள்தான், ஓர் ஆளுக்கு ஒரு குடும்பத்து டிக்கெட்தான். அது எங்கள் வரிசைகளின் சட்டம்.

பாய் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “மெம்பர் சாப், இந்த எடம் உங்களுக்கு. டிக்கெட் எடுத்ததும் வந்து கையத் தூக்கணும்.”

“மக காத்துக்கிட்டு இருக்குமே பாய்?” என்றேன்.

“அவளுக்கு ஆஸ்பத்திரில குழாயத் தொறந்தா தண்ணி வருது தம்பி. சலோ, போலாம்.”

உறுப்பினர் வந்தார், கையைத் தூக்கினார், தீர்மானம் நிறைவேறியது. அதற்குள் கவுன்ட்டரில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. பேத்தி பிறந்ததைப் பாய் போனில்தான் பார்த்தார்.

அடுத்த கப்பலுக்குக் கவுன்ட்டர் திறந்த அன்று எங்கள் மேட்டுப் பெண்கள் விடியுமுன்பே போய் நின்றார்கள், ஒரே ஒரு டிக்கெட்டுக்காக. கொண்டுபோய்க் கொடுத்தபோது பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஒரு கெழவனுக்காக இத்தன பேரு வெயில்ல நிப்பீங்களா, அறிவிருக்கா?” என்று திட்டினார்.

அவர் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை நகராட்சியில் ஒரு கூட்டமும் நடக்கவில்லை. எனக்கு ஊரே வெறிச்சென்று இருந்தது.