சர்வேயர் வீட்டுத் தோட்டா

பயந்துபோன மனிதனைத் தனியாகக் கடைக்கு அனுப்பக்கூடாது. தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பவனை அனுப்பவே கூடாது. யுத்த காலத்தில் என் அத்தானுக்குத் துவக்குத் தோட்டா வாங்குவதற்காகக் கொழும்பில் அலைந்தவன் இந்த இரண்டு வகையிலும் சேர்த்தி. வேறு யாருமில்லை, நான்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் துவக்குச் சுட்டதில்லை. (தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சீனவெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிற ஆள்.) சுடத் தெரிந்தவர் என் அக்காவின் கணவர். வவுனியாவுக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் மழையும் எருதும் ஆளும் இருந்தாலும் துவக்கு இல்லையென்றால் நெல் வீட்டுக்கு வராது. கதிர் முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கும். தின்பது கொஞ்சம், உழக்கிப் பாழாக்குவது மிச்சம். இரண்டு மூன்று வெடி வைத்தால்தான் காட்டுக்குத் திரும்பும்.

அத்தானுக்கு வேண்டிய தோட்டாவை ஒவ்வொரு போகத்துக்கும் கொழும்பில் வாங்கி வைப்பது என் பொறுப்பு. அவருடைய லைசென்ஸைக் காட்டி, கோட்டையில் வெள்ளைக்காரன் கடை ஒன்றில் நாலு பெட்டி வாங்குவேன். பெட்டிக்கு இருபத்தைந்து தோட்டா. அத்தான் வந்து எடுத்துப்போவார். அறுவடை முடிந்ததும் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு எங்கள் பெயரில் அரிசி மூட்டை வரும். நானும் அம்மாவும் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் கந்தோரில் கிளார்க். என் சம்பளம் வாடகைக்கும் என் கால் சப்பாத்துக்கும் போய்விடும், சோறு போட்டது அத்தானின் வயல். அப்போது இதை யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேன்.

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததோடு கொழும்புக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வெள்ளவத்தையில் பாதி வீடுகள் பூட்டுப்போட்டு யாழ்ப்பாணம் போயின. மிச்சப் பாதி, யப்பான்காரன் எந்த ஒழுங்கையால் ஏறி வருவான் என்று சாயந்தரங்களில் கூடிக் கதைத்தது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது, அதற்கப்பால் தண்டவாளம், பிறகு கடல். ஆகவே முதலில் கதவைத் தட்டப்போவது எங்கள் வீட்டுக் கதவைத்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அம்மா மட்டும், வருகிறவனுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டாள்.

துவக்குக் கடையில் அந்த வாரம் நான் கண்ட கூட்டத்தைக் கோயில் திருவிழாவில்கூடக் கண்டதில்லை. கோர்ட்டில் வாதாடுகிற அப்புக்காத்துமார், டாக்டர்மார், பென்சன் எடுத்த பெரிய மனிதர்கள், காதில் பாடுகிற நுளம்பை அடிக்கவும் வேலைக்காரனைக் கூப்பிடுகிறவர்கள், எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு தோட்டா கேட்டார்கள். அவர்களில் சிலரிடம் துவக்கே இல்லை. துவக்கு கிடைக்கும்போது தோட்டா கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் முதலில் தோட்டாவை வாங்கிவைத்தார்கள். காலையில் ஒரு விலை, மத்தியானம் வேறு விலை.

நானும் அந்த வரிசையில் நின்று, வாயை மூடிக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் நான் படித்தவன். கந்தோர்ச் சோதனைக்காகப் பொருளாதாரப் புத்தகம் ஒன்றில் முதல் இரண்டு அதிகாரம் வாசித்திருந்தேன். பைத்தியக்காரர்கள் வாங்கி ஓயட்டும், இரண்டு கிழமையில், பதினாலே நாளில், விலை தானாக விழும் என்று கணித்தேன். அதையே அத்தானுக்கும் விளக்கமாக எழுதினேன். அவர் அனுப்பியிருந்த நாற்பது ரூபாயில் பாதிக்குமேல் மிச்சம் பிடித்துத் தருவதாகவும் எழுதினேன்.

இரண்டு கிழமையில் கடை அலுமாரி வெறுமையாகிவிட்டது. கப்பல் வராது என்றார்கள். அதே சமயம் ரங்கூனும் போய், பர்மா அரிசி நின்றுபோனது. வயலில் விளைகிற நெல் பொன்னாகப் போகிற வருடம் அது. அத்தானிடமிருந்து தந்தி வந்தது. சிறுபோகம் விதைக்கிறேன், என்ன விலையானாலும் வாங்கு என்பதுதான் அதன் சாரம்.

கந்தோர் நண்பன் ஒருவன் வழி சொன்னான். கொட்டாஞ்சேனையில் பென்சன் எடுத்த சர்வேயர் ஒருவர் குடும்பத்தோடு பதுளைக்குப் போகிறாராம். காடு காடாக அளந்து திரிந்த காலத்தில் வேட்டையாடியவர். துவக்கை எப்போதோ விற்றுவிட்டார், நாலு பெட்டித் தோட்டா மட்டும் மிஞ்சிக் கிடக்கிறதாம். (இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். அந்த மாதம் கொழும்பில் சட்டமும் ரயிலேறிப் போயிருந்தது.) அன்றைக்குத்தான் சம்பளமும் கைக்கு வந்திருந்தது. அத்தானின் பணத்தோடு அதையும் சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ட்ராம் ஏறினேன்.

சர்வேயர் வீட்டு விறாந்தை முழுவதும் கட்டிவைத்த சாமான். அவர் ஒரு ட்ரங்குப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, வந்த விஷயத்தைக் கேட்டு, தோட்டாப் பெட்டிகளை எடுத்துக் காட்டினார்.

"நாலு கிடக்கு. நாப்பது ரூவா தந்திட்டு எல்லாத்தையும் கொண்டு போம். எனக்குச் சுமை குறைஞ்சால் போதும்."

நாற்பது ரூபாய். அத்தான் அனுப்பிய அதே பணம். கடையில் கிடைத்த கடைசி விலையைவிடக் குறைவு. மனம் உள்ளே துள்ளியது. ஆனால் முதல் சொன்ன விலைக்கு வாங்குவதென்பது எங்கள் ஆட்களின் கௌரவத்துக்கு அடுக்காத காரியம். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழசுபோலத் தெரிகிறதே என்றேன். முப்பது என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்போது செய்ய வேண்டியதை முறைப்படி செய்தேன். சரி, வேண்டாம் என்று எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, வாசல் படலையை நோக்கி மெதுவாக நடந்தேன். சந்தையில் கத்தரிக்காய்க்காரி நாலாவது அடியில் கூப்பிட்டுவிடுவாள். சர்வேயர் கூப்பிடவில்லை. படலைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தபடியால் நடையை இன்னும் மெதுவாக்கினேன். படலை தானாகத் திறந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட தடித்த மனிதர் ஒருவர் வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், தோட்டா இருக்கிறதாமே, என்ன விலை என்று கேட்டார்.

நான் திரும்பி ஓடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓடினேன்.

நாற்பதுக்கு எனக்குப் பேசியாயிற்று என்றேன். கறுப்புக் கோட்டுக்காரர் நாற்பத்தைந்து என்றார். நான் ஐம்பது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறுபது என்றார். ஊர் பட்டினி கிடக்கப் பதுக்கி வைத்து விற்கிற கூட்டத்தில் ஒருவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அவருடைய வயிறே அதற்குச் சாட்சி. இந்த மனிதரிடம் அத்தானின் வயலைத் தோற்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுபது என்றேன்.

சர்வேயர் கையைத் தூக்கி இரண்டு பேரையும் நிறுத்தினார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்று பெட்டியை எடுத்துத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவு விலை போற சாமானை நான் ஏன் இப்ப விக்க வேணும்? ஒண்டு தாறன். மற்றது என்னோட பதுளைக்கு வரட்டும்."

அந்த இடத்தில் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மிஞ்சியது ஒரே பெட்டி என்றதும் வெறி இரட்டிப்பாகிவிட்டது. சர்வேயரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். கடைசியில் கறுப்புக் கோட்டுக்காரரின் பையில் பணம் தீர்ந்தது. அத்தானின் நாற்பது ரூபாயும் என் சம்பளத்தில் முக்கால்வாசியும் கொடுத்து ஒரு பெட்டித் தோட்டாவை வென்றேன். அவர் போகும்போது என்னைப் பார்த்து, "யப்பான்காரன் வந்தால் நீர் தனிய நிண்டு அடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தோல்வியைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த கிழமை அத்தான் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெட்டியை மேசையில் வைத்தேன். எத்தனை பெட்டி என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். அவர் அதைக் கையில் எடுத்து, மற்ற மூன்றும் எங்கே என்று தேடுவதுபோல மேசையைப் பார்த்தார். நான் கொட்டாஞ்சேனைப் போரை விவரிக்கத் தொடங்குவதற்கு முன் வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டது. அம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகச் சொன்னாள்.

நான் கோப்பையோடு வரும்போது வந்தவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் தந்தி அடிச்ச உடனை ஓடினனான். நாலு பெட்டியும் கைக்கு வந்தது மாதிரித்தான். எங்கையோ கிடந்து ஒரு விசரன் வந்து விலையை ஏத்திப்போட்டான். இந்தாருங்கோ உங்கட காசு."

கறுப்புக் கோட்டு. அதே முதுகு. பெயர் நாகலிங்கம். அத்தான் நெல் விற்கிற கொட்டாஞ்சேனைக் கடையில் கணக்கப்பிள்ளை. என்னுடைய பொருளாதாரக் கடிதத்தை வாசித்த அத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று, அவருக்கும் பணம் அனுப்பி அதே தந்தியை அடித்து, கிடைத்ததை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நாகலிங்கம் தேத்தண்ணீரை வாங்கத் திரும்பினார். கோப்பையைத் தொட்ட கை அப்படியே நின்றது.

"இவர்தான்" என்றார்.

அத்தான் நாகலிங்கம் நீட்டிய காசை வாங்கி மடித்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப ரெண்டு பேரும் என்ர காசை வைச்சே ரெண்டு பக்கமும் நிண்டு இழுத்திருக்கிறியள்" என்றார். பிறகு ஒரு பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யப்பான்காரனின் விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. எங்கள் கதவை ஒருவரும் தட்டவில்லை. கொழும்பில் அலுமாரி அலுமாரியாகப் பூட்டிவைத்த தோட்டாக்களில் ஒன்றுகூட வெடித்ததாக நான் கேள்விப்படவில்லை. வெடிக்க வேண்டிய இடம் வவுனியாவுக்கு அப்பால் இருந்தது.

கையிலிருந்ததை அத்தான் சீட்டாட்டக்காரன் துருப்பை வைத்திருப்பதுபோல எண்ணி எண்ணிச் செலவழித்தார். ஆனாலும் கதிர் பால் பிடிக்கும்போதே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வயல் காவல் பரணில் படுத்துத் தகரம் தட்டினார். பன்றிகள் முதலில் பயந்தன, பிறகு பழகிவிட்டன. இரவிரவாக நுளம்புக்கடியில் கிடந்ததில் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. லீவு எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது வயலில் எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா என்னை வரம்பில் கூட்டிப்போய்க் காட்டினாள். எருமை கட்டி உழக்கியதுபோல வயல் சேறாகிக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்து மூலையைக் காட்டி, "இந்த மூலையில விளையிறதைத்தான் ஒவ்வொரு முறையும் உங்கட வீட்டுக்கு எண்டு ஒதுக்கிறது" என்றாள். என்னுடைய பத்து ரூபாய்ப் பேரத்தில் அவர்கள் இரண்டு பேரின் ஒரு போக உழைப்புப் போய்விட்டது. யுத்தத்தைச் சொல்லி, சர்வேயரைச் சொல்லி, நாகலிங்கத்தைச் சொல்லி எத்தனையோ விதமாகக் கணக்குப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் படலையை நோக்கி நான் நடந்த அந்த நடையில்தான் வந்து நிற்கிறது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு கொண்டுவந்த அக்கா அகப்பையை என் சோற்றுக் கோப்பைக்கு மேலே பிடித்துக்கொண்டு, உள்ளே படுத்திருந்த அத்தானுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தம்பிக்குக் குறைச்சுத்தான் போடுவன். அவன்ர பங்கைப் பண்டி திண்டிட்டுது."

உள்ளேயிருந்து காய்ச்சல் குரலில் பதில் வந்தது. "போடப்பா, போடு. நாலு பெட்டிக் காசுக்கு ஒரு பெட்டி வாங்கின மனிசன். பசிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தபடியால்தான் என்னால் அந்த வீட்டில் கை நனைக்க முடிந்தது.

அன்றிலிருந்து நான் எப்போது போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியென்றாலும், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் சூழ இருந்தாலும், முதல் அகப்பையில் அக்கா அதைச் சொல்லுவாள், அத்தான் பதில் சொல்லுவார். மருமக்கள் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் காய்ச்சல் மட்டும் வருடத்துக்கு ஒருமுறையாவது அத்தானைத் தேடி வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அத்தான் போய் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து பந்தியில் இருந்தோம். அக்காதான் பரிமாறினாள். என்னிடம் வந்ததும் அவளுடைய அகப்பை பழக்கத்தில் நின்றது. பந்தி முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டது. அவள் உள் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கோப்பை நிறையச் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

அந்தச் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை.