அடுப்பு பிரியாமல் செல் பிரியாது

கூச்ச சுபாவம் உள்ளவன் கையில் மைக்கைக் கொடுத்தால் பேசமாட்டான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. பேசுவான். அவனுக்கு நிறுத்தத்தான் தெரியாது. அன்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் எதிர்பார்க்கிறார்கள். கேட்கப் போவதில்லை.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் நான் அட்டெண்டர். படிப்பு பத்தாவது. குடுவை கழுவுவது, பாசி வளரும் பாட்டில்களுக்கு நேரம் பார்த்து விளக்குப் போட்டு அணைப்பது, மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மூடுவது என் வேலை. பேராசிரியர் மேடம் வளர்த்தது ஒரே செல்லால் ஆன பாசி. அந்தச் செல்லுக்குள் ஒரே ஒரு பசுங்கணிகம். வெளிச்சத்தை வாங்கிச் சாப்பாடு செய்கிற பச்சைப் பகுதி அதுதான். செல் இரண்டாகும் முன் கணிகம் நடுவில் இடுப்பு மாதிரிச் சுருங்கிப் பிரியத் தொடங்கும். அது தொடங்காத வரை செல்லும் பிரியாமல் காத்து நிற்கும். மைக்ராஸ்கோப்பை டிவியோடு இணைத்து மேடம் மாணவர்களுக்குக் காட்டுவார். பின்னால் நின்று நானும் பல வருடம் பார்த்திருக்கிறேன். (சீரியலைவிட மெதுவாகத்தான் நகரும். ஆனால் விளம்பரம் கிடையாது.)

ஒரு வருடம் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். ஊழியர்கள் குடும்பத்தோடு வரலாம், மதியச் சாப்பாடு உண்டு என்று அறிவிப்பு. சாப்பாடு என்றதும் என் அண்ணன் தன் ஹார்டுவேர் கடையைச் சாத்திவிட்டு அண்ணியோடு வந்துவிட்டார். என் மனைவி மல்லிகாவும் வந்தாள். மேடம் பாசியைக் காட்டும் அரங்கத்தில் மூவரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

இங்கே எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெருங்களத்தூரில் அப்பா கட்டிய மாடி வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். சமையல் கீழே, ஒரே அடுப்பில். கீழ்வீடு தனக்கு, மாடி எனக்கு என்று அண்ணன் பாகப்பிரிவினைப் பத்திரம் தயார் செய்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை பதிவு. மாடியில் சமையலறை கிடையாது. கேட்டதற்கு, "இப்போதிக்கு கீயவே சாப்டுங்க. அப்பால பாத்துக்கலாம்" என்றார். அண்ணனுடைய 'அப்பால' எப்போது வரும் என்று நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒரு டம்ளர் காபிக்குக்கூட மல்லிகா காலமெல்லாம் படியிறங்கி நிற்க வேண்டியதுதான். "ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று தினமும் சொன்னாள். அண்ணன் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

மேடம் ஸ்லைடை வைத்தார். டிவியில் ஒரு பச்சைச் செல் பெரிதாகத் தெரிந்தது. "கொஞ்ச நேரத்துல ரெண்டா பிரியும், பாருங்க" என்றார். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. "சேகர், ரெண்டு நிமிஷம் ஏதாவது சொல்லிட்டு இருங்க" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

செல் அசையவில்லை. நானும்தான்.

"இன்னா, ஸ்டக் ஆயிடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்ல சார். காத்துக்கிட்டிருக்கு" என்றேன். ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டு, யார் பேசுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

ஒரு மாணவி விடவில்லை. "எதுக்குண்ணா காத்துக்கிட்டிருக்கு?"

"அடுப்புக்கும்மா. அந்தப் பச்சைதான் அதுக்கு அடுப்பு. வீடு பிரியணும்னா முதல்ல அடுப்பு பிரியணும். அடுப்பு ஒரு பக்கமே மாட்டிக்கிச்சுன்னா, இன்னொரு பக்கம் பட்டினி. பள்ளிக்கூடம் போகாத செல்லுக்கே இது தெரியுது."

கை தட்டினார்கள். அங்கேதான் கெட்டேன். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை.

"எங்க வீட்டையே எடுத்துக்குங்க" என்று ஆரம்பித்தேன். பத்திரம், திங்கட்கிழமை, சமையலறை இல்லாத மாடி எல்லாம் வெளியே வந்தது. மல்லிகா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "இதெல்லாம் உள்ளுக்குள்ள சத்தமில்லாம நடக்கும். நாங்களே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கோம். அதோ, ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காரே எங்க அண்ணன், அவருக்கே தெரியாது."

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் செல் அழகாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அரங்கத்தில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் திரும்பி வந்து மைக்கை மெதுவாக என் விரல்களிலிருந்து கழற்றினார். "உதாரணம் சரிதான் சேகர். அட்ரஸ் சொல்லியிருக்க வேணாம்."

அண்ணன் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். (அவர் சாப்பாட்டை விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.) வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டார். "இன்னாடா பேசிக்கினு கீற ஊரைக் கூட்டி? மானத்த வாங்கிட்ட. தப்புன்னு சொல்லு."

அண்ணியின் கவலை வேறு. "எந்தக் கட்டில் மல்லிகா? நான் மேல வந்து பெருக்குறப்போ ஒண்ணியும் பாக்கலியே."

"அதும்மேல பழைய பொடவ போட்டு வெச்சேன்க்கா" என்றாள் மல்லிகா, அழாத குறையாக.

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கையில் மைக் இல்லை. பக்கத்திலிருந்த யாருடைய ஸ்கூட்டர் கண்ணாடியையோ பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பேசுன எடம் தப்புண்ணா. பேசுனது தப்பில்ல. மாடியில கிச்சன் கட்டாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"பாசியப் பாத்துட்டு வந்து எனக்கு நாயம் சொல்றியா?"

"ஆமாண்ணா."

திங்கட்கிழமை யாரும் பதிவுக்குப் போகவில்லை. அண்ணன் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. அண்ணி மட்டும் ஒரு நாள் மேலே வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அடுப்பை இழுத்துப் பார்த்து, "இதுல தோசை வராது. கேஸ் வாங்கு" என்றார். கீழே போய் அண்ணனிடம் என்ன சொன்னாரோ, அடுத்த வாரம் அண்ணன் கடையிலிருந்தே சிமெண்ட் வந்து இறங்கியது. கட்டி முடித்துப் பால் காய்ச்சிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அண்ணன் சொல்வார்: "இவன் கையில மட்டும் மைக்கைக் குடுத்துடாதீங்க. உங்க சொத்தையும் பிரிச்சிட்டுப் போயிடுவான்." எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அண்ணிக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து கீழே ராத்திரி கோதுமைக் கஞ்சிதான். அதனால் அண்ணன் வாரத்தில் நாலு நாள் எங்கள் மாடிச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டுதான் அதே ஜோக்கைச் சொல்கிறார். மல்லிகா முதல் தோசையை என் தட்டில் போடுகிறாள். அடுத்தது வேகும் வரை அவர் காத்திருக்கிறார்.