திமிங்கலம் ஊதிய மீம்

எங்கள் இம்பாபா பேட்டையில் அந்த மாதம் சாலையைக் கடக்க முடியவில்லை. கல்யாணமா? இல்லை. ரொட்டி இலவசமா? அதுவும் இல்லை. என் கரும்புச்சாறு கடைக்கு எதிரே உள்ள கல்யாண மண்டபத்தில் 'வேதியியல் திமிங்கலம்' உஸ்தாத் ஷவ்கி மந்திரித்து ஊதிக்கொண்டிருந்தார்.

எங்கள் கெய்ரோவில் டியூஷன் வாத்தியார் யாரும் வெறும் வாத்தியாராக இருப்பதில்லை. ஒருவர் இயற்பியல் சக்கரவர்த்தி, இன்னொருவர் கணக்குச் சிங்கம். ஷவ்கி திமிங்கலம். சுவரொட்டியில் கோட்டு மாட்டிக்கொண்டு நைல் நதியிலிருந்து எழுந்து வருவார். நைலில் திமிங்கலம் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற புத்தி இருந்தால் அந்த வரிசையில் ஏன் நிற்கிறார்கள்?

கதை எங்கள் தெருப் பெண் தஹானியிடம் தொடங்கியது. கல்லூரியில் படிக்கிறாள், ஓய்வு நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மீம் போடுவாள். ஆர்கான் வாயுவைக் கல்யாண விருந்துக்கு வந்த மாமாவாக வரைந்திருந்தாள். தட்டு நிறைந்திருக்கிறது, மாமா யாரோடும் ஒட்டுவதில்லை. பக்கத்தில் சோடியம், கூடுதலாக இருக்கும் ஒரு தஅமிய்யா வடையை யார் தலையில் கட்டலாம் என்று தவிக்கிறது. எதிரே குளோரின், தட்டில் ஒரு வடை குறைகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், போனுக்குப் போன் அனுப்பினார்கள், மாதிரித் தேர்வில் மதிப்பெண் எகிறியது.

உடனே திமிங்கலம் வாயைத் திறந்தது. அந்தப் படங்களில் தான் ஊதியிருந்ததாகவும், அதனால்தான் பாடம் ஏறியதாகவும் அறிவித்தார். பிறகு படத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றார். மீமை அச்சடித்து, முக்கோணமாக மடித்து, ஊதி, பச்சைத் துணியில் தைத்துத் தாயத்தாக விற்றார். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் போதுமாம், பாடம் தானே மண்டைக்குள் ஏறுமாம். பிரித்தால் பலன் போய்விடுமாம். எங்கள் ஊரில் தாயத்தை யாராவது பிரித்ததுண்டா? அந்தப் பழக்கம்தான் அவருக்கு மூலதனம்.

தஹானியின் தாயே காதுத் தோட்டை விற்று ஒன்று வாங்கினாள், இளைய மகள் மிர்வத்துக்காக. அடுத்த வாரம் பள்ளி இறுதித் தேர்வு. நன்றாகப் படிக்கிற பெண், டாக்டர் கனவு. இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டப்பகலில் குறட்டை விடுகிறாள். பார்க்க எனக்கே வயிறு எரிந்தது.

என் கடை வாசலிலேயே தாயும் மகளும் மோதிக்கொண்டார்கள்.

"அம்மா, அது நான் போட்ட படம்!"

"நீ போட்டா வெறும் படம். உஸ்தாத் ஊதினா மருந்துடி."

"அப்ப உன் பொண்ணு டாக்டரானதும் ஊசி போட மாட்டாளா? நோயாளி தலையணைக்கு அடியில வெச்சுட்டு வந்துடுவாளா?"

"உனக்கு வாய் நீளம். வா, உஸ்தாத்கிட்டயே கேளு!"

தூங்கிக்கொண்டிருந்த மிர்வத்தையும் தாயத்தும் கையுமாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்கள். நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். இதைவிட என்ன வியாபாரம்?

தஹானி மேடையேறி, முன்பே பையில் தயாராக வைத்திருந்த ஒரு பச்சைத் தாயத்தை நீட்டினாள். "உஸ்தாத், இதுல புது மீம் வெச்சுத் தெச்சிருக்கேன். இன்னும் யாரும் பாக்கல. ஊதிக் குடுங்க."

திமிங்கலம் பெருமையாக ஊதியது.

"இப்ப நீங்களே தலைக்கு வெச்சுப் படுங்க. எழுந்ததும் உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

"நானா? இந்த... இந்தச் சத்தத்துல எப்படிம்மா தூக்கம் வரும்?"

கூட்டம் சும்மா விடுமா? அற்புதத்தைக் கண்ணால் பார்க்கிற ஆசை. "உஸ்தாத் தூங்கட்டும்! எல்லாரும் வாய மூடுங்க!" என்று ஒருவருக்கொருவர் கத்தினார்கள். மணமக்கள் சோபாவில் அவரைப் படுக்கவைத்து, தலையணையும் கொடுத்தார்கள். மதியம் வயிறு முட்ட மீன் தின்றிருந்த மனிதர் நிஜமாகவே தூங்கிப்போனார்.

நாங்கள் தட்டி எழுப்பியதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தெரிஞ்சிருச்சு! அமிலம்... அமிலமும் உப்பும்!"

"பிரி, மிர்வத்," என்றாள் தஹானி.

மிர்வத் பிரித்து, உரக்கப் படித்தாள். "தலைக்கு அடியில வெச்சா பாடம் ஏறாது. கழுத்துதான் வலிக்கும்."

படத்தில் ஒரு திமிங்கலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேடையில் இன்னொன்று. மண்டபமே சிரித்தது, தாயைத் தவிர. அவள் மிர்வத்தின் தாயத்தைப் பிடுங்கிப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளே மீம்கூட இல்லை. கோஷரிச் சோறு விற்கும் கடையின் விளம்பரத் தாள்!

"என் தோட்டுக்குக் கோஷரியாடா குடுத்த, படுபாவி?"

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் திமிங்கலம் சமையலறை வழியாக நீந்திவிட்டது. அந்த அமளியில் தஹானி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஆர்கான் ஏன் யாரோடயும் சேராது?"

"தட்டு நெறஞ்சிருக்கு!" என்றது பிள்ளைகள் பட்டாளம்.

"இது ஊதினதால ஏறிச்சா, பாத்துச் சிரிச்சதால ஏறிச்சா?"

பிள்ளைகளுக்குப் பதில் தெரிந்திருந்தது. பெற்றவர்கள்தான் தரையைப் பார்த்தார்கள். மிர்வத் அங்கேயே அக்காவின் போனைப் பிடுங்கி, விட்டுப்போன படங்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

நேற்று அதே மண்டபத்தில் புதுச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். கணக்குச் சிங்கம் வருகிறதாம், ஊதிய பேனாவோடு. வரிசை இப்போதே என் கடைவரை நிற்கிறது. ஐயா, அம்மா, தலையணைக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள். கீழே இருப்பது எவனோ ஒருவனுடைய பிழைப்பு.