மூன்றாம் அதிகாரம்

"ஞாயித்துக்கிழமை அந்தப் புத்தகத்தைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசிடுங்க, பிரதர்" என்று போதகர் சொன்னதும் சபை நூலகர் தலையாட்டிவிட்டார். அவர் அதைத் திறந்ததே இல்லை.

மறுக்கவும் வழியில்லை. நூலக அறைக்குள் ஈ காக்கை வருவதில்லை, டிரம்ஸ் வைக்கக் கொடுங்கள் என்று பாடகர் குழு நச்சரித்துக்கொண்டிருந்தது. மனைவி இறந்த பிறகு நூலகருக்கு உட்கார்ந்திருக்க இருந்த ஒரே இடம் அது. அதைக் காப்பாற்றத்தான் 'பொய்யில்லா வாழ்வு' புத்தகத்தை வரவழைத்து, கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்காமல் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். தன்னுடையதையும் கொடுத்துவிட்டார். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள்.

இரவல் கேட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை படிப்பதாகச் சொல்லி யாரும் தரவில்லை. சாரத்தையாவது சொல்லுங்கள் என்றார். மூன்றாம் அதிகாரத்தில் அழுதேவிட்டதாகப் பாடகர் குழுத் தலைவர் சொன்னார். அதே அதிகாரத்தால் வீட்டுச் சண்டை நின்றதாகப் பொருளாளர் சொன்னார். போதுமே என்று நூலகர் நிம்மதியானார்.

ஞாயிறன்று, மெக்கானிக் கைவிட்ட சபை மோட்டார் ஜெபத்தால் தானே தண்ணீர் ஏற்றத் தொடங்கியதற்காகப் போதகர் முதலில் நன்றி செலுத்தினார். பிறகு நூலகர் எழுந்தார். மூன்றாம் அதிகாரம் கல்லையும் கரைக்கும் என்றார். சபை தலையசைத்தது. உற்சாகத்தில் குடும்பச் சண்டையையும் சேர்த்துக்கொண்டார்.

உருகிப்போன போதகர் தன் பிரதியை நீட்டினார். "அதையே வாசிங்க, பிரதர்."

அட்டையெல்லாம் கருப்புக் கைரேகை. உண்மையாகப் படித்தவர் இவர்தான் என்று நினைத்தபடி நூலகர் பிரித்தார்.

"மூன்றாம் அதிகாரம். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், முதலில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். முழுக்க மோட்டார். அச்சகத்தில் அட்டை மாறியிருந்தது.

நூலகர் புத்தகத்தை மூடினார். "நான் படிக்கலை. மன்னிச்சிடுங்க."

பாடகர் குழுத் தலைவர் எழுந்து, தானும் படிக்கவில்லை என்றார். பொருளாளர் எழுந்தார். வரிசை வரிசையாக எழுந்தார்கள். கடைசியில் போதகரும் மெல்லக் கையைத் தூக்கினார். எங்கோ ஒருவர் சிரிக்க, சபையே சிரித்தது. நூலகரும்தான், சிரித்து வெகுநாளாகியிருந்தது.

சரியான புத்தகம் வந்ததும் நூலக அறையில் கூடி உட்கார்ந்து படிப்பது, டிரம்ஸுக்கு வேறு இடம் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது.

போதகரின் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. "நான் முழுசாப் படிச்சேன்" என்றார். "பின்னே டேங்க்ல தண்ணி எப்படி ஏறுச்சாம்?"