தலைக்கு வந்த சுந்தியாங்

கழுத்து ஒடிந்துவிடாது என்று காட்டுவதற்காகத்தான் மஸ்ரில் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இப்போது அது கழலமாட்டேன் என்கிறது.

அதற்குப் பெயர் சுந்தியாங். கல்யாணப் பெண் சூடும் மகுடம். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் விசிறி விரித்தாற்போல் பதினோரு அடுக்கு எழும்பி நிற்கும். அடுக்கெல்லாம் பொன்முலாம் பூசிய பூ. பூவுக்கு மேல் வண்ணத்துப்பூச்சி, அதற்கும் மேல் கம்பிச் சுருளில் ஆடும் இன்னொரு பூ. வைத்திருப்பவர் எச்சில் விழுங்கினாலும் மொத்தமும் சிலுசிலுவென்று நடுங்கும். மணப்பெண் அலங்காரம் செய்கிற யுர்னாலிஸ் பெட்டியைத் திறந்து துணியை விலக்கியபோது, காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வீடு வாயடைத்துப் போயிற்று. மஸ்ரிலின் அக்கா ரொஸ்னிதா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா" என்றாள், பள்ளிவாசலில் சொல்வதுபோல மெதுவாக.

அவள் மகள், மணப்பெண் நெல்விதா மட்டும் மசியவில்லை. "அழகாத்தான் இருக்கு. அலமாரில வெச்சுப் பாக்கலாம். எனக்கு இது போதும்" என்று, மெல்லிய தகட்டில் செய்த ஏழடுக்கைக் காட்டினாள்.

"ஏழா? ஒரு டத்துக்கோட மருமக ஏழடுக்கு வெச்சா ஊரு என்ன சொல்லும்?" என்றார், குலத்தலைவராகி டத்துக் பட்டம் பெற்றிருந்த மஸ்ரில்.

"மாமா, காலைல வெச்சா ராத்திரிதான் எடுக்கணும். என் சிநேகிதி ஒருத்தி மத்தியானமே மயங்கி மாப்பிள்ளை மடியில விழுந்துட்டா."

"உங்கம்மா தாங்கினா. எங்கம்மா தாங்கினா. உன் கழுத்து மட்டும் என்ன வாழைத்தண்டா?"

"சொல்றது சுலபம். நீங்க வெச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

அங்கேதான் வந்தது வினை. அடியில் ஒரு பித்தளை வளையம் உண்டு. பெண்கள் தலைக்கு அளவெடுத்துச் செய்தது. மஸ்ரிலின் தலையோ ஊரறிந்த தலை. அவருக்குத் தொப்பி கடையில் கிடைக்காது, தைக்கத்தான் கொடுக்க வேண்டும். போதாததற்குச் சுருட்டை முடி. மேலே சும்மா உட்கார்ந்திருந்ததை, "பாரு, ஆடக்கூட இல்ல" என்று இரண்டு கையாலும் ஓர் அமுக்கு அமுக்கினார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"அக்கா, இதை எடுங்க" என்றார் யுர்னாலிஸிடம், குரலை மாற்றாமல்.

யுர்னாலிஸ் இழுத்தாள். காதுகள் சிவந்தன. ரொஸ்னிதா தம்பியின் தோளைப் பிடித்துக்கொள்ள, யுர்னாலிஸ் முட்டியை நாற்காலியில் ஊன்றி இழுத்தாள். நாற்காலிதான் நகர்ந்தது.

"எத்தனை மணிக்கு வராங்க?" என்று கேட்டாள் நெல்விதா. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள், கேட்கும்போதே முகம் வெளுத்துப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து புறப்பட்டாயிற்று. மாப்பிள்ளையை எந்த நாளில், எந்த முறையில் அழைத்து வருவது என்று பேசி முடிக்க இன்று சபை கூடுகிறது. மலைக்காரர்கள் ரோஷக்காரர்கள். போன வருஷம் இதே கடற்கரை ஊரில், கை கழுவத் தண்ணீர் வரத் தாமதமாயிற்று என்று ஒரு சம்பந்தத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனவர்கள். நெல்விதாவுக்கு மாப்பிள்ளை இர்ஃபாண்டி என்றால் உயிர். அவனைத் தவிர வேறொருவனைக் கட்டமாட்டேன் என்று மூன்று வருஷம் வீட்டோடு சண்டை போட்டு, இப்போதுதான் எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஆட்டிய தலைகளில் முக்கியமான தலை பித்தளை வளையத்துக்குள் இருந்தது.

"தேங்காயெண்ணெய்" என்றாள் ரொஸ்னிதா. தம்பியை எல்லார் முன்னாலும் 'டத்துக்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள் அன்று பழைய வழக்கத்துக்குப் போய்விட்டாள். "டேய், குனிடா."

ஒரு கிண்ணம் எண்ணெயைச் சுற்றிலும் விட்டார்கள். வளையம் நன்றாகவே வழுக்கியது. மேலே ஏற வேண்டியது கீழே இறங்கிப் புருவத்தில் வந்து நின்றது.

"முடியை வெட்டிடலாமா?" என்றாள் நெல்விதா. ஊசியும் கம்பியும் சுருட்டை முடியில் பின்னிக்கிடந்தன. ஒன்றைப் பிரித்தால் இரண்டு சிக்கின. பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்ணத்துப்பூச்சி அவர் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டது. இப்போது அவரால் கழுத்தைத் திருப்பவும் முடியவில்லை.

மஸ்ரில் பொறுமை இழந்தார். பட்டம் வருவதற்கு முன்னால் அவர் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவர். பட்டம் வந்து ஒரு மாதமாகியும் கை அந்தப் புத்தியை விடவில்லை. "என் குறடை எடுத்துட்டு வாங்க. ஒரே நறுக்கு."

யுர்னாலிஸ் குறுக்கே வந்து நின்றாள். "மொதல்ல என்னை நறுக்குங்க. எங்க பாட்டன் காலத்துச் சாமான் இது. இந்த மாதிரி கைவேலை இனிமே யார் செய்வா?"

"அக்கா, எனக்கு வலிக்குது."

"வலிக்கும். பொண்ணுங்களுக்கும் வலிக்கும். யாராவது குறடு கேட்டாங்களா?"

ரொஸ்னிதாவின் புருஷன் புர்ஹான் மூலையிலிருந்து தொண்டையைச் செருமினார். "வேணும்னா இன்னிக்கு மட்டும் நான் பேசட்டுமா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பாவம், நல்ல மனிதர். ஆனால் பெண்வழி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவருக்குச் சபையில் ஏது வாய்?

"நீங்க கட்டைமேல இருக்கற சாம்பல்" என்றாள் ரொஸ்னிதா. "ஊதினா பறந்துடுவீங்க. அவங்க டத்துக்கைத்தான் கேப்பாங்க. தாய்மாமன் இல்லாம என்ன பேச்சு?"

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"மூடுங்க" என்றார் மஸ்ரில். யுர்னாலிஸ் மணமேடைக்கு என்று கொண்டுவந்திருந்த சரிகைத் திரையை எடுத்து மகுடத்தின்மேல் போர்த்தினார்கள். கண் மட்டும் தெரிந்தது. சீர் கொண்டுபோகிற தட்டு ஒன்றுக்குக் கை கால் முளைத்தாற்போல் இருந்தார் டத்துக்.

"தலைவலின்னு சொல்லிக்கறேன்" என்றார்.

"இவ்வளவு பெரிய தலைவலியா மாமா?" என்றாள் நெல்விதா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்த அழுகையைப் பார்த்ததும் மஸ்ரிலுக்கு மனசு என்னவோ போல் ஆயிற்று. தூக்கி வளர்த்த பெண். இவருடைய வீறாப்பால் அவள் கல்யாணம் நின்றுபோனால் அப்புறம் இந்தத் தலை இருந்தென்ன, போயென்ன?

கூடத்தின் கதவு குள்ளமானது. முட்டியை மடக்கி, பக்கவாட்டில் திரும்பி, நண்டு நகர்வதுபோல் அவர் உள்ளே நுழைந்தார். பாதி தாண்டியிருப்பார். கதவு நிலையில் இருந்த ஆணி சரிகைத் திரையைப் பிடித்துக்கொண்டது. அவர் வந்தார், திரை வரவில்லை.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேரே அவர்மேல் விழுந்தது. பதினோரு அடுக்கும் பற்றிக்கொண்டதுபோல் எரிந்தன. சுவரெல்லாம் பொன்புள்ளிகள் ஓடின. விருந்தாளிகளின் சட்டையில், தொப்பியில், வாயருகே நின்றுபோன காபிக் கோப்பையில் எல்லாம் வெளிச்சம் நடுங்கியது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே, எண்ணெய் வழியும் முகத்தோடு, கண்ணிமைக்காமல் நின்றார் மஸ்ரில். இமைத்தாலும் சத்தம் கேட்கும் என்ற பயம் அவருக்கு.

மாப்பிள்ளையின் மாமன் டத்துக் பாசா நரைத்த மீசைக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாயத்துப் பேசியவர். அவர் வாய் திறந்தது, மூடியது. பிறகு எழுந்தார். அவர் எழுந்ததும் கூட வந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்ல மாட்டார்கள். சம்பந்தி வீட்டில் சட்டி கவிழ்ந்தாலும் மழை பெய்கிறதா என்று கேட்கிற மனிதர்கள். எதையும் நேரே சொல்வது அநாகரிகம். சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள், அதைக் கேட்டு நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மஸ்ரில் உட்கார்ந்தார். அவர்களும் உட்கார்ந்தார்கள். சபைப்பேச்சு தொடங்கியது. வெற்றிலையைப் புகழ்ந்து, வந்த வழியைப் புகழ்ந்து, முன்னோரைப் புகழ்ந்து, பிறகுதான் விஷயத்துக்கு வருவது முறை. வழக்கமாக அவர் பேச்சு என்றால் மெக்கானிக் பேச்சு, படபடவென்று கொட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பார். இன்று அப்படி முடியுமா? வேகமாகப் பேசினால் பூவெல்லாம் கலகலக்கிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நிமிர்ந்த கழுத்து, நேர்கொண்ட பார்வை, ஆடாத தலை. உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்ற ரொஸ்னிதாவுக்கே உடம்பு சிலிர்த்தது. இவனா சின்ன வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தவன் என்று தோன்றியது.

பதில் சொல்லும் முறை டத்துக் பாசாவுக்கு வந்தது.

"நாங்க மலைல இருக்கறவங்க" என்றார். "கடலோட ஆழம் எங்களுக்கு எங்க தெரியப்போவுது? வயலுக்கு வயல் வெட்டுக்கிளி வேற, குளத்துக்குக் குளம் மீனு வேற. இன்னிக்கு எங்க கண்ணு கூசிப்போச்சு."

திரைக்குப் பின்னால் ரொஸ்னிதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு கூசுதாம்" என்று கிசுகிசுத்தாள். "பாக்கவே வெக்கமா இருக்குன்னு சொல்றார்."

"வெட்டுக்கிளின்னது யாரைம்மா?"

"உங்க மாமாவைத்தான். வேற யாரை?"

சாப்பாடு வந்தது. மஸ்ரிலால் குனிய முடியவில்லை. ரெண்டாங் என்கிற மாட்டிறைச்சிக் கறியையும் சோற்றையும் கையில் எடுத்து, தட்டைப் பார்க்காமல், நேரே வாய் வரைக்கும் உயர்த்தி உண்டார். பாதி மடியில் விழுந்தது. கண்ணை மட்டும் திருப்பி எதிரே பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டத்துக் பாசாவும் குனியவில்லை. அவரும் கழுத்தை விறைத்துக்கொண்டு, தட்டைப் பார்க்காமல் உண்டார். அவர் பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. ஒரு வரிசை முழுக்க விறைத்த கழுத்துகள். மீன் குழம்பு எல்லார் மடியிலும் சிந்தியது.

அழகு காட்டுகிறார்கள் என்று நினைத்தார் மஸ்ரில். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதையும் அடக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் பேச்சுவார்த்தை என்று ஒன்றும் இல்லை. நாள் சொன்னார், "சரி" என்றார்கள். மாப்பிள்ளையை அழைக்க எத்தனை பேர் வருவோம் என்றார், "உங்க இஷ்டம்" என்றார்கள். ரோஷக்கார மலைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்கிற சம்பந்தி, வீட்டுக்குப் போனதும் வேண்டாம் என்று ஆள் அனுப்புவான். இது குழந்தைக்கும் தெரியும். விடைபெறும்போது டத்துக் பாசா மஸ்ரிலின் கையை இரண்டு கையாலும் பிடித்து, மகுடத்தை அண்ணாந்து ஒரு தரம் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

உள்ளே வந்த மஸ்ரில் நெல்விதாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நெல்வி, நீ ஏழே வெச்சுக்கோம்மா. அதுகூட வேணாம், பூ மட்டும் வெச்சுக்கோ. ஒரு மத்தியானத்துக்கே என் கழுத்துல ஒரு ஊரே ஏறி உக்காந்தாப்பல இருக்கு. நீங்கள்ளாம் எப்படித் தாங்கினீங்கன்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "கல்யாணம்னு ஒண்ணு நடந்தா" என்றார்.

நெல்விதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காலரில் மாட்டியிருந்த வண்ணத்துப்பூச்சியை மெல்ல விடுவித்தாள். "நான் மலைக்குப் போய் அவங்க கால்ல விழறேன் மாமா. அழாதீங்க, பூ ஆடுது."

வெளியே வண்டி உறுமிக்கொண்டே நின்றது, நகரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் சித்தி, வெற்றிலைத் தட்டு தூக்கி வந்த சின்ன வயதுப் பெண், அன்று முழுக்க வாயே திறக்காதவள், கதவருகே தயங்கி நின்றாள். ரொஸ்னிதா எழுந்து வந்தாள். வேண்டாம் என்பதை இவ்வளவு சீக்கிரமாகவா சொல்வார்கள்?

"உள்ள வாம்மா. எதுவா இருந்தாலும் சொல்லு" என்றாள்.

அந்தப் பெண் அவளை ஓரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. உங்க ஊரு வழக்கம் எங்களுக்குத் தெரியாது, எங்க டத்துக் பாசாவுக்குக் கேக்க வெக்கம், வண்டில உக்காந்துட்டு என்னை அனுப்பறார். கல்யாணத்தன்னிக்கு அவரும் பதினோரு அடுக்கு வெக்கணுமா, இல்ல உங்க டத்துக்குக்கு மரியாதை குடுத்து ஒம்போதோட நிறுத்திக்கணுமா?"