இயந்திரத்துக்கு ஒரு மேடை

மின்சாரக் கார் ஓட்டும் மாற்றுத்திறனாளிகளின் நலனைக் கருத்தில் கொண்டு, அவர்களுக்கென்றே தனியாக ஒரு சார்ஜிங் இயந்திரம் நிறுவப்பட்டது. கார்கள் இடித்துவிடாதபடி அதை ஒரு சிமெண்ட் மேடைமேல் ஏற்றி வைத்தார்கள். ஏறுவதற்கு வசதியாகப் படிகளும் கட்டினார்கள். நகராட்சி அலுவலகத்தைக் குறை சொல்ல வழியே இல்லை.

பல் டாக்டரம்மா தன் மின்சாரக் காரை ஓரமாக நிறுத்தி, சக்கர நாற்காலியை இறக்கி, அதில் மாறி உட்கார்ந்து, மேடையருகே போய் அண்ணாந்து பார்த்தார். இயந்திரம் சௌக்கியமாக இருந்தது.

அவர் கார் வாங்கியதே ஒரு காரணத்துக்காகத்தான். “அண்ணா, கொஞ்சம் கிளினிக்ல விட்டுடறியா?” என்று தினமும் கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்திருந்தது. அண்ணன் நல்லவர். நல்லவர்களிடம் தினமும் கேட்பது இன்னும் கஷ்டம். கையாலேயே பிரேக் போடும் இந்தக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அந்த சுகத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு வாசலில் பிளக் போட வீட்டுக்காரர் சம்மதிக்காததால், இந்த இயந்திரத்தை விட்டால் வேறு கதியும் இல்லை.

நேராக அதிகாரியிடம் போனார்.

“மேடை எதுக்கு சார்?”

“இயந்திரத்தோட பாதுகாப்புக்கும்மா.”

“யார்கிட்டேருந்து?”

“கார்கிட்டேருந்து.”

“கார் பக்கத்துல வந்தாத்தானே சார்ஜ் போட முடியும்?”

“அதனாலதானே ஆபத்து” என்றார் அதிகாரி.

“சரி சார். நான் எப்படி ஏறுவேன்?”

“படி இருக்கே.”

டாக்டர் தன் நாற்காலியைப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். இளகிய மனசுக்காரர், உடனே சாய்தளம் கட்ட ஆணை பிறப்பித்தார். விதிப்படி சாய்தளம் மெல்லச் சரிய வேண்டும்; மெல்லச் சரிய நீளம் வேண்டும்; அவ்வளவு நீளம் அங்கே கார் நிறுத்தும் இடத்தில்தான் இருந்தது. அதில் கட்டி முடித்து, மஞ்சள் வண்ணமும் பூசினார்கள்.

“இப்ப நான் ஏறிடுவேன் சார். கார் எங்க நிக்கும்? வயர் எட்டாதே.”

அதிகாரிக்கு மனசு விட்டுப்போயிற்று. “நீங்க ஏறணும்னுதானேம்மா கேட்டீங்க? கார் வேற பிரிவு. அதுக்குத் தனியா மனு போடணும். காரும் மாற்றுத்திறனாளிதான்னு சான்றிதழ் இருந்தா சீக்கிரம் முடியும்.”

திறப்பு விழாவுக்கு டாக்டரையே அழைத்து மேலே உட்கார வைத்துப் படமெடுத்தார்கள். கைதட்டல் ஓய்ந்து அவர் இறங்கி வந்தபோது, தெருவோரத்தில் நின்ற காரில், விழாவுக்கு வந்ததோடு சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

அதுவரை அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். “நாங்க இருக்கோம் டாக்டர்” என்று சொல்லி, காரை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அதை மருந்துக்கடைக்காரர் வீடியோ எடுத்துப் போட்டார். மறுநாள் காலையில் கூப்பிடாமலே வந்து கிளினிக்குக்குத் தள்ளினார்கள். பிறகு அது வழக்கமாயிற்று. ஒரே நிறத்தில் டி-ஷர்ட் தைத்துக்கொண்டார்கள். நடைப்பயிற்சிக் குழு கலைந்து இதில் சேர்ந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒரு டாக்டர் கிடைப்பாரா என்று விசாரித்தார்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகத்துக்கும் நன்றி சொல்லிச் சொல்லி டாக்டருக்குத் தாடை வலித்தது. முன்பு அண்ணன் ஒருவர்தான். ஒரு நாள் அவமானம் தாங்காமல் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“இவ்வளவு பேர் இருக்கீங்க. எல்லாரும் சேர்ந்து போய், அந்தச் சாய்தளத்தை இடிச்சு வேற பக்கமா கட்டச் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்களேன். நான் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்.”

கார் நின்றுவிட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டி-ஷர்ட் போட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்த அதிகாரி வியர்வையைத் துடைத்தபடி முன்னால் வந்தார்.

“கட்டிடலாம்மா, அது பெரிய விஷயமில்ல” என்றார். “அப்புறம் காலைல நாங்கல்லாம் என்ன பண்றது?”