கழுகுக்கண் குளிகை

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கண் தெரியாதவர்களெல்லாம் வழி விசாரித்துக்கொண்டு வந்து குவிந்திருந்தார்கள். “கழுகுக்கண் குளிகை! விழுங்கின அரை மணியில பார்வை திரும்பும்!” என்று ஒலிபெருக்கி அலறியது. எந்தக் கழுகும் குளிகை விழுங்கியதாகத் தகவல் இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

தையல்காரம்மா மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் இறந்த பிறகும் அவன் அவளுக்கு மாப்பிள்ளைதான். வயதால் அவள் விழித்திரை கெட்டுக்கொண்டிருந்தது. எதிரே நிற்பவர் முகத்தில் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருந்திட்டு. கண்ணில் போடும் ஊசியைத் தள்ளிப்போட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். சத்து மாத்திரை சிலருக்கு நோயைத் தாமதப்படுத்தலாம், போன பார்வையைத் திருப்பித் தராது என்றும் சொன்னார்.

“கண்ணுக்குள்ள ஊசியாம்! அந்தாளு தன் கண்ணுல குத்திக்கட்டும், மாப்ளே.”

மேடையில் எழுத்துப் பலகை. குளிகை விழுங்கியவர்கள் வரிசையாக வந்து மைக்கில் படிக்கவேண்டும்.

“சத்தமா!” என்றார் குளிகை வித்தகர். “பின்னாடி நிக்கறவங்களுக்கும் நம்பிக்கை வரணும்!”

“ட, ப, ம, ர, க…” கைதட்டல். அடுத்தவர். “ட, ப, ம, ர, க…” கைதட்டல். வரிசையில் பின்னால் போகப் போகத் தடுமாற்றம் குறைந்தது. உழைத்தது காது, பெயர் வாங்கியது கண்.

மருமகன் திரும்பிப் பார்த்தான். அத்தையின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

அவள் முறை வந்தது; மருமகன் கையைப் பிடித்து மேடையேறினாள். வித்தகர் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்தபோது, மருமகன் பலகையைத் திருப்பி மாட்டினான். பின்பக்கம் வெறும் வெள்ளை.

அத்தை கணீரென்று படித்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. “கடைசி வரியும் வேணுமா?” என்று வேறு கேட்டாள்.

“ஐயோ, அது வெறும் பலகைங்க!” துணைக்கு வந்த ஒருத்தி கத்தினாள்.

வித்தகர் அசரவில்லை. “பார்த்தீங்களா? பலகையையே ஊடுருவிப் பார்க்குது அம்மா கண்ணு!”

“அப்படியா?” மருமகன் அத்தையின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினான். “அத்தை, இது எத்தனை?”

அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“கைய நீட்டிருக்கீங்களா, மாப்ளே?”

வித்தகரின் கண் மட்டும் பின்வாசலைத் துல்லியமாகக் கண்டுபிடித்தது.

“எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்களே!” வாசலை நோக்கி நடக்கும்போது அத்தை பொரிந்தாள்.

“மானம் திரும்பி வந்துடும், அத்தை. கண்ணு வராது.”

அவள் அவன் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். “சரி, அந்த ஊசிக்காரர் இப்ப இருப்பாரா?”

“இருப்பார்.”

வாசலில் புது வரிசை. அதற்குள் அங்கேயும் “ட, ப, ம…” என்ற முணுமுணுப்பு. கண் மங்கியவர்களை விடுங்கள். கண் நன்றாகத் தெரிந்தும் அந்தப் பலகையை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கத் தோன்றாதவர்களுக்கு எந்தக் குளிகையைக் கொடுப்பது?